வரச் சொன்னவர்கள் இருக்கச் சொல்லவில்லை



மாலை நேரத்துச் சொற்பொழிவென்றால் கம்பனையோ வள்ளுவனையோ எதிர்பார்த்து வருவது நம்மவர் வழக்கம். நான் மேசையையும் கதிரையையும் பற்றிப் பேசப் போகிறேன் என்று அறிவித்தபோது, இக்கூட்டத்தை ஒழுங்கு செய்த நண்பர் சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "மண்டபச் செலவைத் தளபாடக் கடைக்காரர் ஆரும் பொறுப்பெடுத்தவையோ?" என்று கேட்டார். ஒருவரும் எடுக்கவில்லை. அரசாங்க உத்தியோகத்தில் முப்பத்துநான்கு வருஷம் ஒரே ஒரு மேசைக்குப் பின்னால் இருந்து எழும்பியவன் என்பதைத் தவிர, இவ்விஷயத்தில் வாய் திறக்க எனக்கு வேறு யோக்கியதையும் இல்லை.

இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் நிற்கும் மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1560இல் கட்டினார்கள், 1658இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினார்கள், பின்னர் ஆங்கிலேயர் வந்தார்கள், மூவரும் போய்விட்டார்கள். கோட்டை மதிலை உப்புக் காற்று மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருக்கிறது. அவர்கள் நம் நாவிலே விட்டுப் போன சொற்களையோ எந்தக் காற்றும் தின்றபாடில்லை. மேசை, கதிரை, அலுமாரி ஆகிய மூன்றும் போர்த்துக்கேயர் தந்தவை. கந்தோர் என்ற சொல்லும், மேசையின் வயிற்றிலே இழுத்துத் திறக்கிற லாச்சி என்ற சொல்லும் ஒல்லாந்தர் தந்தவை. கச்சேரி என்ற பெயரை ஆங்கிலேயர் இந்துஸ்தானத்திலிருந்து கொண்டுவந்து நமக்குச் சூட்டினார்கள். இவ்வாறு, ஒரு தமிழன் உத்தியோகம் பார்க்க வேண்டிய பண்டங்கள் அனைத்துக்கும் பெயர் கப்பலேறி வந்திருக்க, அவற்றின்மேல் அமர்ந்து அவன் செய்கிற காரியத்துக்கு மாத்திரம் அவன் இரவல் வாங்கவில்லை. 'இரு' என்ற தன் சொந்தச் சொல்லையே அங்கும் கொண்டுபோனான். உயிரோடிருப்பதற்கும், வீட்டிலிருப்பதற்கும், கதிரையிலிருப்பதற்கும் நமக்கு ஒரே வினைச்சொல்தான். ஆகவே, வீட்டுப் படலையில் ஒருவர் வந்து நின்றால் "வாங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் "இருங்கோ" என்று சொல்லுகிறோம். முதலாவதைச் சொல்லி இரண்டாவதைச் சொல்லாமல் விடுவது, வந்தவரைப் படலையிலேயே திருப்பி அனுப்புவதிலும் பார்க்கப் பெரிய அவமரியாதை என்பது இங்குள்ள சிறு பிள்ளைக்கும் தெரியும்.

உலகத்திலுள்ள பெரிய பெரிய ஸ்தாபனங்கள் இப்பொழுது தங்கள் ஊழியர்களுக்குச் செய்வது அந்த அவமரியாதையைத்தான் என்பது என் அபிப்பிராயம். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் என் சொந்த மேசையைப் பற்றிச் சிறிது சொல்ல இடங்கொடுங்கள். இம்மாவட்டத்துக் கந்தோர் ஒன்றில் இலிகிதராகச் சேர்ந்த அன்று, பிரதம இலிகிதர் என்னை ஒரு பழைய முதிரை மேசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "தம்பி, இது உம்முடையது, வலப்பக்க லாச்சி இறுகும், கொஞ்சம் தூக்கி இழுக்கவேணும்" என்றார். அரசாங்கம் எனக்குத் தந்த நியமனக் கடிதத்திலும் பார்க்க அந்த வாக்கியமே என்னை உத்தியோகத்தனாக்கியது. எனக்கு முன் அம்மேசையில் இருந்தவர் லாச்சியின் உட்பலகையில் தம் பிள்ளைகளின் பிறந்த தேதிகளைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். நான் அவற்றை அழிக்கவில்லை. காலப்போக்கில் அந்த லாச்சிக்குள் ஒரு சீப்பு, விபூதிப் பொட்டலம், தலையிடிக் குளிசை, மூக்குடைந்த பேனை, யாரோ திருப்பித் தராத கடனுக்கு எழுதிய துண்டு, மகள் முதன்முதல் எழுதிய 'அ' எல்லாம் குடியேறின. இவற்றில் ஒன்றாவது அரசாங்கக் காரியத்துக்கு உதவியதில்லை. ஆனால் காலை எட்டரைக்கு அந்த லாச்சியைத் தூக்கி இழுக்கும் ஓசையோடுதான் என் மூளை திறந்தது என்பதை இப்போது, ஓய்வு பெற்ற பிறகு, வெட்கமின்றிச் சொல்லலாம்.

நாங்கள் கண்டிப்பு அறியாதவர்கள் என்று இளைஞர்கள் எண்ண வேண்டாம். வரவுப் பதிவேட்டில் குறித்த நேரத்துக்குச் சிவப்புக் கோடு விழும்; கோட்டுக்குக் கீழே கையொப்பமிடுகிறவன் அன்று முழுவதும் தலை குனிந்தே திரிவான். வவுனியாவிலிருந்து வருகிறவர்களும் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்களும், தள்ளாடியைத் தாண்டித் தாம்போதியில் பஸ் ஏறும்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அந்தச் சிவப்புக் கோட்டை நாங்கள் சபித்ததுண்டு. ஆனால், கோட்டைத் தாண்டி உள்ளே போனால் நமக்கென ஒரு கதிரை காத்திருக்கும் என்பதில் எவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

பிறகு காலம் மாறியது. 2020 மார்ச் 20 தொடங்கி 27 வரையான வாரத்தை வீட்டிலிருந்து வேலை செய்யும் வாரமென்று அரசாங்கம் அறிவித்தது; 20ஆம் தேதி மாலையே ஊரடங்கும் வந்தது. ஒரு வாரமென்று வந்த விருந்தாளி எத்தனை மாதம் தங்கினார் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தொற்று ஓய்வதற்குள் பொருளாதாரம் படுத்துவிட்டது. 2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் 2022 ஜூன் மாதக் கடைசியில் 470 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் கிடையாமல், அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என்ற நிலை இரண்டு வாரமளவுக்கு நீடித்தது. வரமுடியாதவனை வா என்று சொல்லிப் பிரயோஜனமில்லையென்பதை அரசாங்கமும் உணர்ந்து, வீட்டிலிருந்து வேலை செய்யுமாறு சுற்றுநிருபம் விட்டது. அரச ஊழியர்கள் வெள்ளிக்கிழமை தோறும் வீட்டிலே நின்று பயிர் செய்யட்டும் என்று மூன்று மாதத்துக்கு விடுமுறையும் கொடுத்தது. நானாட்டானிலும் முருங்கனிலும் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரை நம்பி அந்த யோசனைக்கு ஏதேனும் அர்த்தம் இருந்திருக்கலாம். இத்தீவின் கடல் மணலில், பனையும் கழுதையும் தாமாகவே வளர்கிற நிலத்தில், உத்தியோகத்தர் எதைப் பயிரிட்டிருப்பார் என்று நான் அந்நாளில் பலரிடம் விசாரித்தேன். ஒருவர் மிளகாய் நட்டதாகச் சொன்னார். இரண்டு கன்று.

அச்சோதனைக் காலத்தில்தான், நம்மூரில் எவரும் எதிர்பாராத ஒரு நன்மை நடந்தது. கொழும்பிலே கணினிக் கொம்பனிகளில் வேலை பார்த்த பிள்ளைகள் மடிக்கணினியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். இங்கே போரினாலும் வேறு காரணங்களினாலும் ஊரைவிட்டுப் போனவர்களின் கணக்கே பெரிது. 1990 அக்டோபரில் எருக்கலம்பிட்டியிலும் ஏனைய கிராமங்களிலும் இருந்த முஸ்லிம் மக்கள் ஒரு சில நாளைக்குள் எல்லாவற்றையும் விட்டுப் புத்தளம் நோக்கிப் போகவேண்டி வந்ததையும், 2007இல் முசலிப் பகுதியார் மூட்டை கட்டியதையும் கண்ட கண்களுக்கு, ஒரு பிள்ளை சம்பளத்தோடு ஊர் திரும்புவது புதுக் காட்சி. எங்கள் ஒழுங்கையிலும் ஒரு பெண்பிள்ளை அவ்வாறு வந்தாள். பின்வளவு வேப்பமரத்துக்கு எதிர்த்த அறையிலிருந்து, எந்தத் தேசத்தார் கடைக்கோ கணக்கெழுதும் இயந்திர நிரல்களைத் தட்டிக்கொண்டிருந்தாள். மாலையில் தாயோடு கடற்கரைக்குப் போனாள். தகப்பனாரின் சர்க்கரை வியாதிக்கு மருந்து எடுத்துக் கொடுத்தாள். கொம்பனிக்காரரும் அவளுக்கு ஒரு பதவியுயர்வு கொடுத்தார்கள். வேலை கெடவில்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி நான் தேடவில்லை.

பின்பு ஒரு நாள் கடிதம் வந்தது: வாரத்தில் மூன்று நாள் கட்டாயம் கந்தோருக்கு வரவேண்டும். பிள்ளை முறுமுறுத்தாலும் போனாள். ஞாயிறு இரவு பஸ்ஸேறி, மதவாச்சி வழியாக விடியற்புறம் கொழும்பில் இறங்கி, ஒரு வாடகை அறையில் முகம் கழுவிக்கொண்டு கந்தோருக்குப் போனால், அங்கே அவளுக்கு மேசை இல்லை. யாருக்குமே மேசை இல்லை. ஊழியர் நூறு பேருக்கு மேசை அறுபதோ என்னவோ. முதல் நாளே கைத்தொலைபேசியில் பதிந்து வைத்தவருக்கு ஓரிடம் கிடைக்கும். பின்னேரம் எழும்பும்போது ஒரு துண்டுக் கடதாசியும் மிஞ்சாமல் துடைத்து வைத்துவிட்டுப் போகவேண்டும். அவள் இருக்க நேர்ந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்தவர் வேறு பிரிவுக்காரர். அவளோடு சேர்ந்து வேலை செய்கிறவர்களில் ஒருவர் கண்டியிலும் மற்றவர் சென்னையிலும் இருந்தபடியால், காதிலே கருவியை மாட்டிக்கொண்டு அன்று முழுவதும் அவர்களோடு திரையிலேயே பேசினாள். அதைத்தானே வேப்பமரத்தடியிலும் செய்தாள்!

"மாமா, வரச் சொல்லினம், வந்தா இருக்க இடமில்லை" என்று அவள் என்னிடம் சொன்னாள். இந்தச் சொற்பொழிவுக்கு நான் வைத்த தலைப்பு அவள் போட்ட பிச்சை.

இது கொழும்புக் கொம்பனி ஒன்றின் தனிப்பட்ட குறும்பன்று. டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் 2023 அக்டோபரிலிருந்து ஐந்து நாளும் வரவேண்டுமென்றதும், அடுத்த வருஷம் வரவைச் சம்பளத்தின் ஒரு பகுதியோடு முடிச்சுப் போட்டதும் சென்னையில் உறவினர் உள்ளவர்களுக்குத் தெரிந்த கதை. அமேசான் நிறுவனத் தலைவர் 2024 செப்டெம்பர் 16ஆம் தேதி ஒரு கடிதம் விட்டார்: வருகிற ஜனவரி 2 முதல் அனைவரும் ஐந்து நாளும் கந்தோரில். சில நகரங்களில் அந்தத் தேதியைத் தள்ளிப் போட நேர்ந்தது. காரணம் ஊழியர் எதிர்ப்பென்று நினைப்பீர்கள். வருகிறவர்களை இருத்தப் போதிய மேசை இல்லாததுதான் காரணம். நமக்குக் கச்சேரியைத் தந்த இங்கிலாந்து தேசத்திலோ இன்னும் ருசிகரமான சம்பவம். 2022 ஏப்ரலில் ஜேக்கப் ரீஸ்-மாக் என்ற மந்திரி, காலியாகக் கிடந்த மேசைகளில் எல்லாம், நான் வந்த நேரம் தாங்கள் இல்லாமற் போனது வருத்தம் என்ற கருத்தில் சீட்டெழுதி வைத்துவிட்டுப் போனார். அக்காலத்தில் கல்வி இலாகாவில் ஏறத்தாழ 8,000 ஊழியர், மேசைகள் 4,200. எல்லாரும் மந்திரியின் சொல்லைத் தலைமேற்கொண்டு ஒரே நாளில் வந்திருந்தால், அவர் சீட்டை எதன்மேல் வைத்திருப்பார்?

மேசையைப் பொதுவில் வைக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ஆங்கிலத்திலே வழங்கும் பெயரில் சூடு என்ற சொல் வருகிறது. கப்பற்படையினர் முறை மாறிப் படுக்கும்போது ஒருவர் எழும்பிய சூடு ஆறுமுன் இன்னொருவர் அதே படுக்கையில் விழுவாராம். அதிலிருந்து பிறந்த பெயர் என்பர். நடுக்கடலில் இடமில்லை, யுத்தமும் நடக்கிறது, பொறுத்துக்கொள்ளலாம். நிலத்திலே, சமாதான காலத்திலே, இதைப் பெரிய தத்துவமாக்கி நடத்திப் பார்த்த முன்னோடி அமெரிக்க விளம்பர வியாபாரியான ஜே சையாட். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில், முகப்பில் இராட்சதத் தொலைநோக்கிக் கண்ணாடியொன்று நிற்கும் கட்டடத்தில், 1994இல் அவர் மேசைகளை ஒழித்தார். ஊழியர் காலையில் வரிசையில் நின்று ஒரு தொலைபேசியும் ஒரு மடிக்கணினியும் இரவல் வாங்கிக்கொண்டு எங்கேனும் போய் அமரவேண்டியது. நடந்தது என்ன? சிலர் விடியுமுன்பே வந்து கருவிகளை எடுத்து ஒளித்து வைத்தார்கள். சிலர் தங்கள் மோட்டார் வண்டியின் பின்பெட்டியைக் கோவை அலுமாரியாக்கிக் கொண்டார்கள். ஒரு பெண்மணி குழந்தைகள் இழுத்து விளையாடும் சிறு வண்டியில் தம் கடதாசிகளை அடுக்கிக் கூடத்தில் இழுத்துக்கொண்டு திரிந்தார். நாலைந்து வருஷத்தில் அந்நிறுவனம் புதுக் கட்டடத்துக்குப் போய் மறுபடியும் மேசை போட்டுக் கொடுத்தது. அந்தப் பெண்மணி வண்டியில் இழுத்தது வேறென்ன, தம் லாச்சியைத்தான்.

இங்கே ஒருவர் எழுந்து, "பகிர்ந்து கொள்வது நல்ல குணமன்றோ, தனக்கென்று ஓரிடம் கேட்பது பேராசையன்றோ?" என்று ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபம், ஆனால் மன்னாரிலே நின்று அதை எழுப்புவது கஷ்டம். ஏனென்றால், பகிர்ந்து தொழில் செய்வது எப்படியென்பதை இக்கரையார் கொம்பனிக்காரருக்குக் கற்பிக்கத் தக்கவர்கள். கரைவலை இழுக்கும் பாட்டைப் பாருங்கள். பல வலைக்காரருக்கு ஒரே பாடு, அதாவது வலை வளைக்கும் ஒரே கரைத்துண்டு, இருக்குமிடத்தில், இன்று இன்னார், நாளை இன்னார் என்று முறை வைத்து வளைக்கிறார்கள். கடற்கரையை ஒருவன் லாச்சிக்குள் வைத்துப் பூட்ட முடியாது. ஆயினும் தன் முறை எது, தனக்கு முன்னால் எவன், பின்னால் எவன் என்பது ஒவ்வொருவனுக்கும் தெரியும். முறை தவறினால் அவனுக்காகப் பேச ஊர் இருக்கிறது. இடம் பொது, முறை அவனுடையது.

அதிலும் சிறந்த சாட்சி முத்துச் சலாபம். சிலாவத்துறைக்கும் மரிச்சுக்கட்டிக்கும் எதிரான கடலடி முத்துப் பார்களில் ஆங்கிலேயர் காலத்தில் நடந்த குளிப்பைக் கண்ணாரக் கண்டு எழுதியவர்கள், ஒரு தோணியில் பத்துக் குளிகாரரும் ஐந்து கல்லும் இருந்தன என்கிறார்கள். காலைக் கல்லிலே வைத்து ஐவர் ஆழத்துக்கு இறங்க, ஏனைய ஐவர் தோணியில் இளைப்பாறுவர்; அவர்கள் ஏறியதும் இவர்கள் அதே கல்லோடு இறங்குவர். இருவருக்கு ஒரு கல்! இன்றைய கொம்பனிக் கணக்கர் கேட்டால் மகிழ்ந்து போவார். ஆனால் அவர் கவனிக்க வேண்டியது கயிற்றை. மூச்சடக்கிக் கீழே நிற்பவனுடைய கயிறு மேலே ஒருவன் கையில் இருக்கிறது. கீழிருந்து ஒரு சுண்டல் வந்தால் அக்கணமே இழுத்தெடுக்க வேண்டியவன் அவன். அந்தக் கயிற்றை மைத்துனனிடம்தான் கொடுப்பார்கள் என்று முத்துக்குளித்துறைகளில் ஒரு பேச்சு வழங்குகிறது. தன் சகோதரி விதவையாவதை அவன் விரும்பமாட்டான் என்பது அதன் உட்பொருள். கல்லை யாரோடும் பகிரலாம். கயிறு பிடிக்கிறவனைத் தினமும் கைத்தொலைபேசியில் பதிந்தெடுக்க எந்தக் குளிகாரன் சம்மதித்திருப்பான்?

கொம்பனிக்காரர் கல்லை மிச்சம் பிடிப்பதற்காகக் கயிற்றைத்தான் அறுக்கிறார்கள். ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பேசுவதற்காகவே அழைக்கிறோம் என்கிறார்கள். அதை நான் பரிகசிக்க மாட்டேன். எனக்குக் கோவை எழுதக் கற்பித்தது எந்தச் சுற்றுநிருபமுமன்று; பக்கத்து மேசைக்காரர். அவர் தொலைபேசியில் கோபமான ஒரு மனுதாரரைச் சாந்தப்படுத்துவதை ஒட்டுக் கேட்டே பாதி உத்தியோகம் படித்தேன். கொழும்பிலே சதுர அடிக்கு வாடகை கொடுக்கிறவன் பாதி மேசை வெறுமையாகக் கிடப்பதைக் கண்டு நெஞ்சு பொறுக்காமலிருப்பதும் நியாயமே. ஆனால், இன்று யார் பக்கத்து மேசைக்காரர், நாளை யார் என்று தெரியாத கூடத்தில் அந்த ஒட்டுக் கேட்கும் கல்வி எங்ஙனம் நடக்கும்? ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து ஈதன் பேர்ன்ஸ்டைன் என்பவர், தடுப்புகளை நீக்கித் திறந்த கூடங்களுக்கு மாறிய இரு பெரிய நிறுவனங்களை ஆராய்ந்து 2018இல் ஒரு முடிவு வெளியிட்டார்: முகம் பார்த்துப் பேசும் நேரம் கூடவில்லை, ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. மறைவு இல்லாத இடத்தில் மனிதன் தன் காதையும் கண்ணையும் தானே மூடிக்கொள்கிறான். வீட்டிலிருந்து வேலை செய்வதால் வேலை கெடுமென்ற பயத்துக்கும் 2024இல் ஒரு பதில் வந்திருக்கிறது. சீனத்துப் பிரயாணக் கொம்பனியொன்றில் 1,612 ஊழியரைக் கொண்டு நிக்கலஸ் புளூம் முதலானோர் நடத்திய பரீட்சையில், வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்தவர்களின் வேலைத் தரமும் பதவியுயர்வும் மற்றவர்களோடு சமமாகவே இருந்தன. வேலையை விட்டுப் போகிறவர்களின் தொகை மாத்திரம் மூன்றிலொரு பங்கு குறைந்தது.

இத்தனைக்கும் பிறகு அழைப்பின் அந்தரங்கம் என்ன என்று யோசித்தால், அது பெரும்பாலும் சந்தேகமாக இருக்கிறது. 2025 ஆகஸ்டில் நம் நாட்டு அஞ்சல் ஊழியர் செய்த வேலை நிறுத்தத்தில் விரலடையாள இயந்திரம் ஒரு பெரிய பிணக்காக இருந்ததை நினைத்துப் பாருங்கள். மேலதிக நேரக் கொடுப்பனவுக்குக் கணக்கு வேண்டுமென்பதில் அரசாங்கத்தின் பக்கமும் நியாயம் உண்டு. அந்தச் சண்டையில் நான் நடுவராகப் போகமாட்டேன். நான் சொல்வது இவ்வளவுதான்: சிவப்புக் கோடு போட்டவர் ஒரு மனிதர், மழை நாளில் தாம்போதியில் பஸ் நின்றுவிட்டதென்றால் அவர் கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்கிப் போட்டதும் உண்டு.

அரிப்பிலே கடலுக்கு மேலே ஒரு மாளிகை இடிந்து கிடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம்மவர் அதை அல்லிராணிக் கோட்டை என்பார்கள். அல்லிராணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முதல் ஆங்கிலேயத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யப்போந்த காலத்தில் தாம் தங்குவதற்காக எழுப்பியது. சலாபம் நடக்கும் சில வாரங்களுக்குக் கடற்கரையில் ஒரு பட்டினமே முளைக்கும், பின்பு பிரித்தெடுக்கப்படும், எல்லாம் ஓலையும் தடியும். தேசாதிபதிக்கு மாத்திரம் செங்கல்லும் சாந்தும் தூண்களும். மேசையைப் பொதுவாக்கிய கொம்பனிகளில் தலைவருடைய அறைக்கு என்ன ஆயிற்று என்று நான் அந்தப் பிள்ளையிடம் விசாரித்தேன். அது அப்படியே இருக்கிறதாம், கதவும் இருக்கிறதாம்.

நேரமாகிறது. நான் குறிப்பிட்ட அந்தப் பெண்பிள்ளை இம்மண்டபத்தில் கடைசி வரிசையில் தமையனோடு இருக்கிறாள். இன்று ஞாயிற்றுக்கிழமை, பஸ் இன்னும் சிறிது நேரத்தில் புறப்பட்டுவிடும். நன்றியுரை முடியுமுன் அவள் எழும்பிப் போனால், தலைவர் அவர்கள் அதை மரியாதைக் குறைவாக எடுக்கவேண்டாம். நாளைய மேசையை வெள்ளிக்கிழமையே பதிந்துவிட்டாளாம். ஐந்தாம் மாடி, தேநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில்.